தெரு மரங்களை வரைய ஒரு கைப்புத்தகம்: சேலத்திலும் ஏற்காட்டிலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காலை நடையில் வழியில் நிற்கும் மரங்களை வரைந்து பார்க்கலாமே என்று நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "எந்த ஸ்கெட்ச்புக் வாங்குவது?" என்றுதான். அதற்கும், அதைத் தொட்டு வரும் மற்ற கேள்விகளுக்கும் பதில் இங்கே இருக்கிறது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் எப்படி நடக்கிறீர்கள் என்பதைப் பார்த்துப் புத்தகம் வாங்குங்கள். எப்படிப்பட்ட படம் வரைய ஆசை என்பதெல்லாம் அப்புறம். அலமாரியில் இருக்கும் உயர்ந்த தாளைவிடக் கையோடு வரும் சுமாரான தாளுக்குத்தான் மரங்கள் கிடைக்கும்.

எனக்கு வரையவே தெரியாது. நேராக மரத்தில் ஆரம்பிக்கலாமா?

தாராளமாக. முகம் வரையும்போது கண் கொஞ்சம் தள்ளிப் போனால் ஆளே மாறிவிடுவார். மரத்தில் ஒரு கிளை அரை அங்குலம் தள்ளிப் போனாலும் வேம்பு வேம்பாகவே இருக்கும். அது அசையாமல் நிற்கும், நாளைக்கும் அங்கேயே இருக்கும். கற்றுக்கொள்ள இதைவிடப் பொறுமையான மாடல் கிடைக்காது.

புத்தகம் என்ன அளவில் இருக்க வேண்டும்?

பெரும்பாலானவர்களுக்கு ஏ5 சரியாக இருக்கும். 148 மில்லிமீட்டர் அகலம், 210 மில்லிமீட்டர் உயரம், அதாவது ஏ4 தாளில் பாதி. ஒரு கையில் தாங்கிப் பிடித்து மறு கையால் நின்றபடியே வரையலாம். புத்தகத்தை விரித்தால் இரண்டு பக்கம் சேர்ந்து, படுக்கையாக வைத்த ஏ4 அகலம் கிடைக்கும். கிளை பரப்பி நிற்கும் தூங்குமூஞ்சி மரத்துக்கு அந்த அகலம் தேவைப்படும்.

பை எடுக்காமல் கையை வீசி நடப்பவர் என்றால் ஏ6. சட்டைப் பைக்கு மட்டும் கொஞ்சம் பெரிது, பேன்ட் பைக்குள் போய்விடும். சேலையோ சுடிதாரோ அணிந்து நடப்பவர்களுக்குப் பை இருக்காது என்பதால், போனும் வீட்டுச் சாவியும் வைக்கும் சிறிய தோள்பைக்குள் புத்தகம் போகிறதா என்று கடையிலேயே போட்டுப் பார்த்துவிடுங்கள். ஏ4 வேண்டாம். அதைத் தூக்கிக்கொண்டு கிளம்ப ஒவ்வொரு நாளும் மனதைத் தயார்ப்படுத்த வேண்டியிருக்கும், நாலு நாளில் அது வீட்டிலேயே தங்கிவிடும்.

நெடுக்கா, படுக்கையா, சதுரமா என்றும் கேட்பார்கள். நம் ஊர் மரங்களில் நெடுநெடுவென்று போகும் பனை, தென்னை, நெட்டிலிங்கம் ஒரு பக்கம். அகலமாகப் படரும் புளி, ஆல், தூங்குமூஞ்சி இன்னொரு பக்கம். நெடுக்கான புத்தகம் வாங்கினால், விரித்து வைத்து இரண்டு வகையையும் வரைந்துகொள்ளலாம்.

ஜிஎஸ்எம் என்கிறார்களே, எவ்வளவு பார்த்து வாங்குவது?

ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் எடை என்பதுதான் ஜிஎஸ்எம். ஜெராக்ஸ் கடைகளில் ஓடும் தாள் 70 முதல் 80 ஜிஎஸ்எம். பென்சில் மட்டும் என்றால் 100 முதல் 120 போதும். பேனாவில் அழுத்தி வரைந்து பின்பக்கத்தையும் பயன்படுத்த நினைத்தால் 150. அதன்மேல் லேசாக வாட்டர்கலர் தடவ ஆசை இருந்தால் 200. தண்ணீர் தேங்கும் அளவுக்கு ஈரமாக வேலை செய்பவர்களுக்கு மட்டுமே 300 வேண்டும்.

எடையையும் கணக்குப் பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் ஏ5 தாள் 32 வரும். 150 ஜிஎஸ்எம் தாள் 40 இருந்தால் 190 கிராமுக்குள் அடங்கும். அதே 40 தாள் 300 ஜிஎஸ்எம்மில் 375 கிராம், அட்டை தனி. தினம் அஸ்தம்பட்டியிலிருந்து கன்னங்குறிச்சி வரை நடந்துவிட்டுத் திரும்புபவருக்கு அந்த வித்தியாசம் தோளில் தெரியும். என் பரிந்துரை 150. பென்சில், பேனா, கொஞ்சம் ஈரம் மூன்றையும் அது தாங்கும். ஈரம் பட்டால் லேசாக அலை அடிக்கும், காய்ந்தபின் கனமான புத்தகங்களுக்கு அடியில் ஓர் இரவு வைத்தால் படிந்துவிடும்.

ஸ்பைரலா, தைத்த பைண்டிங்கா?

ஸ்பைரலை முழுக்க மடித்துப் பின்னால் தள்ளிவிடலாம், நின்று வரைபவர்களுக்கு அது பெரிய வசதி. குறை என்னவென்றால், பைக்குள் கம்பி நசுங்கும், தாள்கள் ஒன்றோடொன்று உரசிப் பென்சில் கோடு மங்கும், இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஒரே படம் வரைய முடியாது. நூலால் தைத்த புத்தகத்தில் இந்தத் தொல்லை இல்லை. பசை மட்டும் போட்டு ஒட்டிய பேடுகளைத் தவிர்த்துவிடுங்கள். சேலத்து வெயிலில் வண்டியின் சீட்டுக்கு அடியில் கிடந்தால் பசை காய்ந்து தாள் தாளாகக் கழன்று வரும்.

தைத்ததை வாங்கும்போது ஒன்றைச் சோதியுங்கள். நடுப்பக்கத்தை மட்டும் பார்க்காமல், தொடக்கத்திலிருந்து நாலைந்து தாள் தள்ளி விரித்து மேசையில் வையுங்கள். கையை எடுத்ததும் தானாக மூடிக்கொண்டால், தெருவில் அதைப் பிடித்து வைப்பதே ஒரு வேலையாகிவிடும். அட்டை கெட்டியாக இருக்க வேண்டும், மேசை இல்லாத இடத்தில் அட்டைதான் மேசை. இரண்டு ரூபாய் கிளிப் ஒன்று கூடவே இருக்கட்டும், காற்றில் தாள் படபடக்காது.

குறைந்த செலவில் நாமே செய்துகொள்ள முடியுமா?

முடியும், எனக்கு மிகவும் பிடித்த வழியும் அதுதான். ஸ்டேஷனரி கடையில் முழு கார்ட்ரிட்ஜ் தாள், அதாவது படம் வரையும் கெட்டித் தாள், கேளுங்கள். 22 அங்குலத்துக்கு 30 அங்குலம் இருக்கும் தாள் என்றால், நீளத்தை நாலாகவும் அகலத்தை இரண்டாகவும் வெட்டினால் 11 அங்குலத்துக்கு ஏழரை அங்குலமாக எட்டுத் துண்டு வரும். ஒவ்வொன்றையும் பாதியாக மடித்தால் ஐந்தரைக்கு ஏழரை அளவில் பக்கங்கள். நாலு துண்டுகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகினால் 16 பக்கம் கொண்ட ஒரு சிறு புத்தகம். ஒரே தாளில் இப்படி இரண்டு புத்தகம் செய்துவிடலாம்.

மடிப்பின் மேல் கோணூசியால் மூன்று துளை போடுங்கள்: நடுவில் ஒன்று, மேலே ஒன்று, கீழே ஒன்று. கெட்டி நூலை உள்ளிருந்து நடுத்துளை வழியாக வெளியே விட்டு, மேல் துளையில் உள்ளே இழுத்து, நடுவைத் தாண்டிக் கீழ்த் துளையில் வெளியே எடுத்து, மறுபடி நடுத்துளையில் உள்ளே கொண்டுவர வேண்டும். உள்ளே நீளமாக ஓடும் நூலுக்கு இரு பக்கமும் இரண்டு முனைகளை வைத்து முடிச்சுப் போட்டால் தையல் தளராது. மேலட்டைக்குப் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை அருமையாகப் பொருந்தும். எந்த வீட்டிலும் அதற்குப் பஞ்சம் கிடையாது.

16 பக்கப் புத்தகத்தில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. சீக்கிரம் முடியும். ஒரு புத்தகத்தை முடித்தவர் அடுத்ததைத் தொடங்குவார்.

பென்சிலா பேனாவா?

இரண்டும். பென்சிலில் 2பி ஒன்று, அதைவிட மென்மையாகவும் கருப்பாகவும் எழுதும் 4பி அல்லது 6பி ஒன்று. கடினமான எச்பியில் இலைத்தொகுதியின் இருட்டு வராது. பேனாவில் சாதாரண பால்பாயின்ட் பேனாவைக் குறைத்து எடைபோட வேண்டாம். அதன் மை எண்ணெய் சார்ந்தது, தண்ணீரில் கரையாது, அழுத்தத்துக்கு ஏற்பக் கோடு வெளிர்ந்தும் கறுத்தும் வரும், தெருமுனைப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். ஃபவுண்டன் பேனா வைத்திருப்பவர்கள் முதலில் கடைசிப் பக்கத்தில் ஒரு கோடு போட்டுப் பாருங்கள். கோட்டின் ஓரத்தில் மை முடி முடியாகப் பரவினால் அந்தத் தாள் மைக்கு ஆகாது.

அழிரப்பர் வேண்டாம் என்பது என் கட்சி. தவறான கோட்டின் பக்கத்திலேயே சரியான கோட்டைப் போடுங்கள். மரத்தில் கோடு கூடினால் பட்டை கூடியதாகத்தான் தெரியும்.

சேலத்தில் எந்த மரத்தில் ஆரம்பிப்பது?

உங்கள் தெருவில் இருப்பதில். அண்ணா பூங்காவுக்கோ குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவுக்கோ போய்த்தான் தொடங்க வேண்டும் என்றில்லை. ஆனால் சில மரங்கள் கற்றுத் தருவதில் கெட்டிக்காரத்தனம் உள்ளவை.

பாதாம் என்று நாம் சொல்லும் நாட்டு வாதுமையில் கிளைகள் அடுக்கடுக்காக, கிட்டத்தட்ட கிடைமட்டமாகப் போகும். அடுக்குகளுக்கு இடையே வானம் தெரியும். மரத்தின் எலும்புக்கூட்டைப் புரிந்துகொள்ள இதுவே நல்ல பாடம். இலை உதிரும் முன் சிவக்கும் என்பதால், நம் ஊரில் இலையுதிர் காலத்து நிறம் பார்க்க வேண்டுமானாலும் இதனிடம்தான் போக வேண்டும். நெட்டிலிங்கம் எளிது: நேர்த்தண்டு, கீழ்நோக்கித் தொங்கும் கிளைகள், ஓரம் நெளியும் இலை. குல்மோகரை எல்லோரும் மே மாதப் பூவுக்காக வரைகிறார்கள். இலை கொட்டி, நீளமான கருத்த காய்கள் மட்டும் தொங்கும் நாட்களில் அதன் கிளைவளைவுகள் இன்னும் அழகு.

கொஞ்சம் தூரம் நடப்பவர்களுக்குக் கன்னங்குறிச்சி மூக்கனேரி இருக்கிறது. ஏரிக்குள் அமைத்த மண் திட்டுகளில் மரங்கள் வளர்ந்து பறவைகள் தங்குகின்றன. கரையில் நின்றால் திட்டும், தண்ணீரில் அதன் நிழலும், பின்னால் சேர்வராயன் மலையும் ஒரே பார்வையில் கிடைக்கும். மலையை ஒரே ஒரு மெல்லிய கோடாக விடுங்கள். அதில் விவரம் சேர்த்தால் அது முன்னால் வந்து மரங்களை அமுக்கிவிடும்.

இலைகளை எப்படி வரைவது? ஆயிரக்கணக்கில் இருக்கின்றனவே?

இதுதான் எல்லோரையும் திணறடிக்கிற இடம், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் கண்ணை இடுக்கிக்கொண்டு பாருங்கள். இலைகள் மறைந்து நாலைந்து பெரிய திரள்கள் தெரியும். வெயில் படும் மேல்பக்கம் வெளிச்சம், அடிப்பக்கம் இருட்டு. அந்தத் திரள்களின் வெளிக்கோட்டை மட்டும் லேசாகப் போடுங்கள். அடுத்து, திரள்களுக்கு நடுவே வானம் தெரியும் ஓட்டைகளைக் குறியுங்கள். ஓட்டை இல்லாத மரம் காலிஃபிளவர் போல ஆகிவிடும். பறவை பறந்து உள்ளே போய் மறுபக்கம் வெளியே வரும்படி இடம் இருக்க வேண்டும்.

அந்த ஓட்டைகளில்தான் கிளைகள் தெரியும். ஒரு திரளுக்குள் நுழையும் கிளை எந்தக் கோணத்தில் போகிறதோ, அதே கோணத்தில் மறுபக்கம் எட்டிப் பார்க்க வேண்டும். தடிமன் விஷயத்தில் லியனார்டோ டா வின்சி தன் குறிப்பேடுகளில் ஒரு கணக்கு எழுதி வைத்திருக்கிறார்: எந்த உயரத்தில் பார்த்தாலும் எல்லாக் கிளைகளையும் ஒன்றாகச் சேர்த்தால் அடிமரத்தின் தடிமனுக்குச் சமம். எல்லா மரத்துக்கும் துல்லியமாகப் பொருந்தாது என்றாலும் வரைபவருக்கு இது நல்ல வழிகாட்டி. ஒரு கவட்டையில் தண்டு இரண்டாகப் பிரிந்தால் இரண்டுமே தாய்த்தண்டைவிட மெலிந்திருக்க வேண்டும். பிரியாமல் போகும் இடத்தில் தண்டு அவ்வளவாக மெலியாது. இந்த ஒன்றைக் கவனித்தாலே படம் தேறிவிடும்.

இலை கடைசியில்தான். அதுவும் திரளின் ஓரங்களில் மட்டும், கொஞ்சமே. அங்கே மரத்தின் கைநாட்டு தெரிய வேண்டும்: வேம்புக்கு வளைந்த, பல் போன்ற ஓரமுடைய சிற்றிலைகள், அரசுக்கு நீண்ட வால், முருங்கைக்குப் புள்ளி புள்ளியாக. மூன்று நாலு இடத்தில் இதைக் காட்டினால் போதும், மீதியைப் பார்ப்பவர் கண்ணே நிரப்பிக்கொள்ளும்.

எந்த நேரம் நல்லது?

சூரியன் எழுந்து ஒரு மணி நேரத்துக்குள், அல்லது மாலை ஐந்துக்கு மேல். வெளிச்சம் பக்கவாட்டில் வந்தால்தான் பட்டையின் வெடிப்பும் திரளின் உருண்டையும் தெரியும். ஏப்ரல் 20-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 22-ஐ ஒட்டியும் நண்பகலில் சூரியன் சேலத்துக்கு நேர் மேலே நிற்கும், மரத்தின் நிழல் மரத்தின் காலடியிலேயே விழும். அந்த நேரத்தில் வரைய எதுவும் மிஞ்சாது, உடம்புக்கும் ஆகாது. தூங்குமூஞ்சியை மாலையில் வரைபவர்கள் முதலில் இலைப்பகுதியை முடித்துவிடுங்கள். இருட்டத் தொடங்கியதும் அது இலைகளை மடித்துக்கொள்ளும், நீங்கள் பாதி வரைந்த திரள் கண்ணெதிரே மெலிந்து போகும்.

தெருவில் நின்று வரைந்தால் ஆட்கள் கேள்வி கேட்கிறார்களே?

கேட்பார்கள். நோட்டோடு மரத்தை அண்ணாந்து பார்ப்பவரைக் கண்டால் "என்னங்க, மரத்தை வெட்டப் போறீங்களா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். சாலை அகலமாகும்போது மரங்கள் போவதைப் பார்த்தவர்களின் கவலை அது, நியாயமானது. "இல்லீங்க, சும்மா வரையறேன்" என்று பக்கத்தைத் திருப்பிக் காட்டுங்கள். அடுத்த நிமிடமே அந்த மரத்தை வைத்தவர் யார், எந்தப் புயலில் எந்தக் கிளை விழுந்தது என்று கதை வரும். கேட்டதைப் படத்தின் ஓரத்திலேயே இரண்டு வரி எழுதி வையுங்கள். அந்த மரத்தைப் பற்றி வேறு எங்கும் எழுதப்பட்டிருக்காது.

வீட்டு வாசலுக்கு நேராக நிற்காமல் எதிர்ப்பக்கம் நில்லுங்கள். தனியாக நடக்கும் பெண்களுக்கு, பால் பூத், கோயில் வாசல், டீக்கடை என்று காலையிலேயே ஆள் நடமாட்டம் உள்ள இடத்து மரங்களே தொடங்க ஏற்றவை.

ஏற்காட்டுக்குப் போனால் என்ன வரைவது?

சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1500 மீட்டர். அந்த 20 கொண்டை ஊசி வளைவுகளுக்குள் மரங்களே மாறிவிடுகின்றன. அடிவாரத்தில் வறண்ட காடும் மூங்கிலும், மேலே காபித் தோட்டமும் அதற்கு நிழல் தரும் சில்வர் ஓக்கும்.

சில்வர் ஓக்கை அவசியம் வரையுங்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். நிழலைக் கட்டுப்படுத்தப் பக்கக் கிளைகளைக் கழித்துவிடுவதால் நெட்டுக்குத்தாக ஒரே தண்டு, உச்சியில் மட்டும் கொஞ்சம் தழை. தண்டைச் சுற்றி மிளகுக்கொடி. கிட்டப் போய்ப் பாருங்கள்: கொடியின் இதயவடிவ இலைகள் கரும்பச்சையில் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும், இடையிடையே தண்டின் சாம்பல் நிறப் பட்டை நீளவாக்கில் வெடித்துத் தெரியும். மேலே காற்றடிக்கும்போது பெரணி போன்ற இலைகள் திரும்பி அடிப்பக்கத்து வெள்ளி பளிச்சிடும். பென்சிலில் அந்த வெள்ளி வராது, தாளை வெறுமனே விட்டுவைப்பதே வழி. முதலில் மிளகை வரையுங்கள். இருட்டு அங்கே விழுந்ததும் தண்டு தானாக எழும்பி வரும்.

மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை பெய்து எட்டுப் பத்து நாளில் காபி பூக்கும். அந்த வெள்ளை சில நாட்களே நிற்கும், கிடைத்தால் விடாதீர்கள். தோட்டங்கள் தனியார் நிலம், கேட்டுக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். வேலி ஓரத்திலிருந்தே வரைந்துவிடலாம், பெரும்பாலும் அதுவே போதும். காட்டெருமை நடமாட்டம் உள்ள மலை என்பதால் விடியற்காலை, அந்தி நேரங்களில் தோட்டப் பாதைகளில் தனியாக உட்கார வேண்டாம். குரங்குகளுக்குப் பை என்றால் தின்பண்டம், ஆகவே புத்தகத்தையும் பிஸ்கட்டையும் ஒரே பையில் வைக்காதீர்கள். மே மாதக் கோடை விழா நாட்களில் ஏரிப் பக்கம் நிற்கவே இடம் இருக்காது. சேர்வராயன் கோயில் போகும் வழி பரவாயில்லை.

மலைப் பனியில் தாள் நமுத்துப் போகிறதே?

போகும். ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் புத்தகத்தைப் போட்டு, வரையும்போது மட்டும் எடுங்கள். நமுத்த தாளில் மென்மையான பென்சில் அழுந்திக் குழி விழும், அங்கே மட்டும் எச்பி நல்லது. வாட்டர்கலர் காயக் கீழே ஆவதைப்போல் பல மடங்கு நேரம் ஆகும். பனி அடர்ந்த நாளில் கலரை மறந்துவிட்டு, கிட்டத்து மரத்தைக் கருப்பாகவும் அடுத்ததைச் சாம்பலாகவும் அதற்கடுத்ததை வெறும் கோடாகவும் வரையுங்கள். தூரம் காட்டக் கற்றுக்கொள்ள அந்த நாள்தான் சரியான நாள்.

பஸ்ஸில் போகும்போதே வரையலாமா?

கொண்டை ஊசி வளைவில் வேண்டாம், தலை சுற்றும். பார்த்துக்கொண்டே போங்கள்.

கலர் சேர்க்க என்ன வேண்டும்?

வாட்டர்கலரைக் கட்டிகளாக வைத்திருக்கும் சிறிய கேக் கலர் டப்பா ஒன்று, தண்ணீர் நிரப்பும் தூரிகை ஒன்று, ஒரு துண்டுத் துணி. டப்பாவில் இருக்கும் பச்சையை அப்படியே பூசாதீர்கள், பிளாஸ்டிக் செடி மாதிரி ஆகிவிடும். மஞ்சளையும் நீலத்தையும் கலந்து, துளி செம்பழுப்புச் சேருங்கள். சேலத்துத் தூசி படிந்த பச்சை அப்போதுதான் வரும்.

போட்டோ எடுத்து வீட்டில் வரைந்தால் என்ன?

ஒன்றும் தப்பில்லை. ஆனால் கேமரா எல்லாவற்றையும் ஒரே அக்கறையோடு எடுக்கும், இருட்டுக்குள் கிளை போகும் வழி அதில் அடைந்துவிடும். இடத்தில் நின்று ஐந்தே நிமிடம் எலும்புக்கூட்டை வரைந்துகொண்டு, மிச்சத்துக்குப் போட்டோவைப் பாருங்கள்.

தினம் ஒரே தெருவில்தான் நடக்கிறேன். அலுத்துவிடாதா?

இந்தக் கேள்விக்காகவே இவ்வளவும் எழுதினேன் என்று சொல்லலாம். புது மரம் தேடி அலைவதைவிட ஒரே மரத்தை வருடம் முழுக்க வரைவதில்தான் கண் திறக்கும்.

ஒரு புங்கனை எடுத்துக்கொள்ளுங்கள். மாசியில் அதன் பழைய இலைகளைப் பார்த்தால் பூச்சி குடைந்த வெள்ளைத் திட்டுகளோடு சோர்ந்து கிடக்கும். அப்புறம் மளமளவென்று கொட்டிவிடும். கிளைகள் எப்படிப் பிரிகின்றன என்பதைக் காட்ட அது நமக்குக் கொடுக்கும் அவகாசம் ரொம்பக் குறைவு, அந்த நாட்களில் தினம் ஒரு கோட்டோவியம் போட்டுவிடுங்கள். பங்குனியில் வெயில் ஏற ஏற, தண்ணீர் ஊற்றிக் கழுவியது மாதிரி மினுமினுக்கும் இளம்பச்சை வந்துவிடும். ஊரே காய்ந்து கிடக்கும்போது இது மட்டும் தளதளவென்று நிற்கும். பிறகு இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த சிறு பூக்கள் உதிர்ந்து நடைபாதையை மூடும். அப்போது மரத்தை விட்டுத் தரையை வரையலாம். மழைக்காலத்தில் தட்டையான காய்கள், தண்டு நனைந்து கருக்கும். ஒவ்வொரு படத்திலும் தேதியும் நின்ற இடமும் எழுதி, முடிந்தவரை அதே இடத்திலிருந்து வரையுங்கள்.

முடித்த புத்தகங்களை எப்படி வைப்பது?

பென்சில் படங்களுக்கு நடுவே பட்டர் பேப்பர் ஒன்று செருகினால் கோடு மங்காது. சுவரோடு ஒட்டி அடுக்காதீர்கள், மழைக்காலத்தில் சுவர் ஈரம் ஏறும், கரையானும் அந்த வழியாகத்தான் வரும். தரையைத் தொடாத அலமாரித் தட்டில், நன்றாகக் காய்ந்த வேப்பிலை கொஞ்சம் போட்டு நிறுத்தி வையுங்கள். முதுகுப்பட்டையில் எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, எந்தத் தெரு என்று எழுதிவிட்டால், அடுத்த வருடம் அதே மரத்துக்கு முன்னால் நிற்கும்போது பழைய புத்தகத்தைத் தேடி எடுப்பது சுலபம்.